ஷால் கட்டும் வீடியோ போட்ட என் தங்கச்சியும் அதற்கு வந்த கமெண்ட்டுகளும்

பின்னூசி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் தங்கச்சிக்கு 19 வயது. சென்னையில் பி.காம் இரண்டாம் வருஷம். ஏழாவது படிக்கும்போதிருந்து தலையில் துணி போடுகிறாள். யாரும் மிரட்டிப் போட வைக்கவில்லை. வீட்டில் நாங்கள் எல்லாரும் போடுகிறோம், அவளும் போட்டாள். போன மாதம் ஜார்ஜெட் ஷாலை இரண்டே பின்னில் எப்படி நிற்க வைப்பது என்று ஒரு ரீல் போட்டாள். 40 விநாடிதான். பச்சை ஷால், முழுக்கை சுடிதார். உள்தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஷாலை ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் விட்டு, தாடைக்குக் கீழே ஒரு பின். அப்புறம் நீளப் பக்கத்தைச் சுற்றிக் காதுக்கு மேலே கொண்டுபோய் இன்னொரு பின். ஜார்ஜெட் வழுக்கும், அதனால் உள்தொப்பி பருத்தியில் இருந்தால்தான் பிடிக்கும் என்று நடுவில் சொல்கிறாள். இதுதான் மொத்த வீடியோவும்.

வழக்கமாக அவள் போடுவதை அவளுடைய சிநேகிதிகள் நூறு, இருநூறு பேர் பார்ப்பார்கள். இது எப்படியோ பரவி இரண்டு நாளில் 90 ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். முதலில் வந்ததெல்லாம் ஷால் எங்கே வாங்கினீர்கள் என்கிற கேள்விகள். அப்புறம் "மாஷா அல்லாஹ், ஆனால்" என்று ஆரம்பிக்கிற கமெண்ட்டுகள். ஹிஜாப் அழகை மறைக்கத்தான், நீ அழகைக் காட்டப் போடுகிறாய். பின்னால் கொண்டை தூக்கித் தெரிகிறது, ஒட்டகத் திமில். உன் அத்தா (அப்பா) பெயரைச் சொல், நாங்கள் பேசிக்கொள்கிறோம். இது ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம், பாவம் இந்தப் பொண்ணு, வீட்டில் கட்டாயப்படுத்துகிறார்கள், கழற்றி வீசு தங்கச்சி என்று. மூன்றாவது கூட்டம் எழுதியதை நான் இங்கே எழுத மாட்டேன். அவள் இரண்டு நாள் சாப்பிடக்கூட வராமல் ஒவ்வொருத்தருக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் யாரோ அந்த வீடியோவில் இருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வேறொரு பக்கத்தில் அசிங்கமான வரியோடு போட்டுவிட்டார்கள். புகார் செய்து அது போவதற்கு நான்கு நாள் ஆயிற்று.

அன்றைக்கு ராத்திரி அத்தாவுக்கு விஷயம் தெரிந்தது. திட்டவில்லை. "நீ தப்பு எதுவும் பண்ணலைம்மா, ஆனா எதுக்கும்மா போட்டே" என்று மட்டும் கேட்டார். அத்தனை கமெண்ட்டுக்கும் அழாதவள் அந்த ஒரு கேள்விக்கு அழுதாள். கணக்கை மூடிவிட்டாள். பச்சை ஷாலை மடித்து அலமாரியின் அடியில் வைத்துவிட்டாள்.

என் கோபம் இதுதான். மூன்று கூட்டத்தில் ஒருத்தர்கூட அவளிடம் "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் அவள் தலை தேவைப்பட்டது. அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?

நேர்வழி எழுதியது:

வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. முகத்தை வெட்டிப் போட்டவர்களைக் காவல்துறையில் சொல்லியிருக்க வேண்டும், இப்போதும் சொல்லலாம், அது முதலில். எனக்கும் இரண்டு மகள்கள் இருக்கிறார்கள், அந்த இடத்தில் நின்றுதான் எழுதுகிறேன்.

ஆனால் ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். நிறத்தில் எனக்குப் பிரச்சினை இல்லை. பச்சையோ மஞ்சளோ, உடம்பை மறைத்தால் போதும். வீடியோவாகப் போடுவதுதான் உறுத்துகிறது. வீட்டில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு, ஊரில் இருக்கிற எல்லா ஆண்களும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்படி போடுவது வேறு. குர்ஆனின் 33:33 வசனத்தில் அலங்காரத்தை வெளிக்காட்டித் திரியாதீர்கள் என்று வருகிறது. பெண்களுக்கு மட்டும் என்று பூட்டிவைக்க அந்தத் தளங்களில் வழி இல்லை. அப்படியானால் போடாமல் இருப்பதுதானே பாதுகாப்பு? திமில் பற்றிய ஹதீஸை (நபிமொழியை) யாரோ முரட்டுத்தனமாக எழுதியிருக்கலாம், அதற்காக ஹதீஸ் இல்லை என்று ஆகிவிடாது.

கடற்கரைத்தெரு எழுதியது:

எனக்கு 61 வயது, ஊர் காயல்பட்டினம். மகளுக்கு நடந்ததைப் படித்து மனசு கேட்கவில்லை.

எங்கள் உம்மம்மா காலத்தில் வெள்ளைத் துப்பட்டிதான். சேலைக்கு மேல் தலையில் இருந்து கணுக்கால் வரை ஒரே வெள்ளைத் துணி. எங்கள் ஊரில் பெண்கள் போய்வர வீடுகளுக்கு நடுவே முடுக்கு உண்டு, அதில் உச்சிவெயிலில் நான்கைந்து பேர் சேர்ந்து நடந்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கீழக்கரையிலும் உள்நாட்டு ஊர்களிலும்கூட அப்போது வெள்ளைதான். கறுப்பு வந்தது சவூதிக்கும் துபாய்க்கும் ஆண்கள் சம்பாதிக்கப் போன பிறகு. என் மாப்பிள்ளை, அதாவது வீட்டுக்காரர், 1986-ல் ஜித்தாவில் இருந்து வந்தபோது பெட்டியில் செண்டு, சவுக்காரம், டேப் ரெக்கார்டரோடு உடம்பு முழுக்க மூடுகிற கறுப்பு அங்கி, அபாயா, ஒன்றும் இருந்தது. எங்கள் தெருவில் அதைப் போட்டு நடந்த முதல் ஐந்தாறு பேரில் நானும் ஒருத்தி.

அன்றைக்கு மூத்த பெண்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இது என்ன புது ஃபேஷன்? தோள்பட்டை அச்சு தெரியுது, கை தனியாத் தெரியுது. துப்பட்டிதான் மானம்." மாப்பிள்ளை வாங்கி வந்தார் என்பதால் வாயை அடக்கிக்கொண்டார்கள். முப்பது வருஷத்தில் அந்தக் கறுப்பே பழைய வழக்கம் என்று ஆகிவிட்டது, என் பேத்திகள் துப்பட்டியைப் பார்த்து "இதுவா பர்தா" என்கிறார்கள். பச்சை ஷாலைப் பார்த்துத் திட்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் நாக்கு கொஞ்சம் தயங்கியிருக்கும். நேர்வழித் தம்பி, உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

மதரஸா டீச்சர் எழுதியது:

நான் ஆலிமா, மார்க்கக் கல்வி படித்தவள். ஏழு வருஷமாகப் பெண்கள் அரபிக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நேர்வழி அண்ணனுக்கு ஒரு வார்த்தை.

ஸஹீஹ் முஸ்லிமில் வருகிற அந்த ஹதீஸை முழுசாகச் சொல்லுங்கள் என்று என் மாணவிகளிடம் கேட்டால் தலைகள் ஒட்டகத் திமில் போல இருக்கும் பெண்கள் என்கிற பகுதியை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அது இரண்டாவது கூட்டம். நரகவாசிகளில் நான் பார்க்காத இரண்டு கூட்டம் என்றுதான் ஹதீஸ் ஆரம்பிக்கிறது. முதல் கூட்டம் யார்? மாட்டு வால் போன்ற சாட்டைகளை வைத்துக்கொண்டு மக்களை அடிக்கிறவர்கள். முதல் பாதியை எடுத்து யாராவது யாருக்காவது கமெண்ட் எழுதி நான் பார்த்ததில்லை. 19 வயதுப் பிள்ளையை ஊர் கூடி வார்த்தையால் அடிக்கிறபோது எனக்கு அந்தச் சாட்டைதான் ஞாபகம் வருகிறது. இது என் மனசில் தோன்றுவது, தீர்ப்பாகச் சொல்லவில்லை.

குர்ஆனில் 24:31 பெண்களுக்கு வருவதற்கு முன்னால் 24:30 இருக்கிறது. பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள் என்று ஆண்களுக்கு முதலில் சொல்லப்படுகிறது. அதை 90 ஆயிரம் பேரில் எத்தனை பேர் செய்தார்கள்? 24:31-க்கு வந்தால், அதில் வருகிற கிமார் என்ற சொல்லுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றில் "முன்றானை" என்றே போட்டிருக்கிறார்கள். நம் நன்னிமார்கள் (பாட்டிமார்கள்) சேலை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டதும் அந்த வசனத்தை நினைத்துத்தான். எந்தத் துணி, எத்தனை பின், என்ன நிறம் என்று வசனத்தில் இல்லை. மறைப்பு கடமை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, நான் முகம் தவிர எல்லாம் மறைக்கிறவள்தான். அடுத்தவளின் பின்னை எண்ணுவதும் கடமை என்று எங்கேயும் படித்ததில்லை.

கறுப்புக்குடை எழுதியது:

முகத்தையும் மூடுகிற நிகாப் அணிகிறவள் நான். இந்த இழையில் கொஞ்சம் வேறு மாதிரிப் பேசப் போகிறேன், தங்கச்சி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

காலேஜ் படிக்கும்போது என்னிடம் முப்பதுக்கு மேல் ஷால் இருந்தது. ஒவ்வொரு சுடிதாருக்கும் பொருத்தமாக ஒன்று. முந்தின நாள் போட்டதையே மறுநாள் போட்டால் வகுப்பில் கேட்பார்கள். உள்ளே கொண்டையைத் தூக்கிக் காட்ட ஒரு பெரிய துணிப்பூ கிளிப், தலை பெரிசாக அழகாகத் தெரியும் என்று. காலையில் அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் போய்விடும். ஒரு நாள் தோன்றியது, யார் கண்ணுக்கும் நான் அளவெடுக்கப்படாமல் இருக்கத்தானே இதைப் போட ஆரம்பித்தேன், இப்போது அளவு கூடித்தானே இருக்கிறது என்று. அதன் பிறகுதான் கறுப்புக்கு மாறினேன். என் அம்மாவே வேண்டாம் என்று சண்டை போட்டார்.

வியாபாரம் உள்ளே வந்தால் துணிக்குச் சொந்த அர்த்தம் மிஞ்சாது என்பதுதான் என் பயம். ஹலீமா ஆடன் என்று சோமாலிப் பெண், ஹிஜாபோடு பெரிய பத்திரிகை அட்டைகளில் எல்லாம் வந்தார். 2020 நவம்பரில் மேடையை விட்டே விலகினார். ஒரு விளம்பரத்துக்கு ஷாலுக்குப் பதிலாக ஜீன்ஸ் துணியைத் தலையில் சுற்றியிருந்தார்கள், அதையெல்லாம் திரும்பிப் பார்த்து வருத்தப்பட்டு எழுதினார். மலேசியாவில் நீலோஃபா என்ற நடிகை, தலைத்துணி வியாபாரத்தில் பெரிய பெயர், 2018-ல் தன் புதுத் தலைப்பாகை வகையை கோலாலம்பூரில் ஒரு இரவு விடுதியில் அறிமுகம் செய்தார். நாடே கொதித்தது, மன்னிப்புக் கேட்டார். இது எல்லாம் தனி ஆள் தப்பு இல்லை. சந்தை இழுக்கிற இழுப்பு.

தங்கச்சி சின்னப் பிள்ளை, அவள் ஒரு வீடியோ போட்டாள். அவளைத் திட்டுகிறவர்கள் அவளை இழுக்கிற சந்தையை ஒரு வார்த்தை சொல்வதில்லை, அங்கேதான் எனக்குக் கோபம்.

ஷால்கடை எழுதியது:

கறுப்புக்குடை அக்கா சொன்னதில் பாதி எனக்குச் சரி, பாதி வலிக்கிறது. நான்தான் அந்தச் சந்தை. ஈரோட்டில் வீட்டில் இருந்து வாட்ஸ்அப்பில் ஷால் விற்கிறேன். சூரத்தில் இருந்து ஜார்ஜெட்டும் ஷிஃபானும் கட்டாக வரும், ஓரம் அடித்து, தேய்த்து, மடித்து அனுப்புவேன். ஒரு ஷாலுக்கு முப்பது ரூபாய் நின்றால் பெரிசு. வீட்டுக்காரர் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடக் கட்டணம் இதில்தான் கட்டினேன்.

படம் போடாமல் விற்க முடியாது. என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் முகம் காட்டாமல்தான் போடுகிறோம். ஹேங்கரில் தொங்கவிட்டு எடுப்போம், இல்லையென்றால் தாடைக்குக் கீழே மட்டும். அதற்கும் வந்து "கை தெரிகிறது, நகம் தெரிகிறது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆண்கள் நடத்துகிற பெரிய புர்கா கடைகளின் இணையப் பக்கத்தில் மாடல் பெண்ணை வைத்தே படம் போடுகிறார்கள், அங்கே யாரும் இப்படி எழுதுவதில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

பின்னூசி, தங்கச்சி சொன்ன பருத்தி உள்தொப்பி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஷிஃபானுக்கும் அதேதான்.

மேலூர்க்காரன் எழுதியது:

நான் முஸ்லிம் இல்லை. இந்த இழையில் எனக்குப் பேச உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "கழற்றி வீசு" என்று எழுதிய கூட்டத்தில் எங்கள் ஆட்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

2022 பிப்ரவரி உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் மேலூரில் ஒரு வாக்குச்சாவடியில் ஹிஜாப் போட்டு ஓட்டுப் போட வந்த பெண்ணைப் பார்த்து, அதைக் கழற்றச் சொல்லி பா.ஜ.க. முகவர் ஒருவர் சத்தம் போட்டார். மற்றக் கட்சி முகவர்கள் எல்லாரும் எழுந்து எதிர்த்தார்கள், போலீஸ் அவரை வெளியே கொண்டுபோனது, அந்த அம்மா ஓட்டுப் போட்டார். எங்கள் ஊரில் அது பெருமையான விஷயம். அதே சமயத்தில்தான் கர்நாடகத்தில் உடுப்பியில் ஆரம்பித்துப் பிள்ளைகளைக் கல்லூரி வாசலில் நிறுத்தினார்கள். மார்ச் 15-ல் உயர் நீதிமன்றம் தடை சரி என்றது. அக்டோபர் 13-ல் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கு ஒரு பக்கம் தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதி துலியா இது கடைசியில் விருப்பத் தேர்வு பற்றிய விஷயம்தான் என்று எழுதியது எனக்குப் பிடித்தது. அவர் கேட்டது பெண் குழந்தையின் படிப்பு என்ன ஆகும் என்று.

ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் எல்லாரும் போடும்போது ஒரு பெண் போடுவது உண்மையிலேயே அவளுடைய விருப்பமா?

பின்னூசி எழுதியது:

அண்ணே, தாராளமாகக் கேளுங்கள். நீங்கள் கேட்டது மாதிரி அவளிடம் யாராவது கேட்டிருந்தால் அவள் கணக்கையே மூடியிருக்க மாட்டாள்.

உங்கள் வீட்டில் அக்கா தங்கச்சி பொட்டு வைப்பது, கல்யாணம் ஆனவர்கள் தாலி போடுவது, அதெல்லாம் எந்த அளவுக்கு விருப்பம் என்று கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? பாதி பழக்கம், பாதி பிடித்தம், கொஞ்சம் பயம், கொஞ்சம் பக்தி. எனக்கும் அப்படித்தான். சில நாள் அல்லாஹ்வுக்காகப் போடுகிறேன் என்று முழுமனசோடு தோன்றும். சில நாள் வேர்த்து வழியும்போது அம்மாவுக்காகப் போடுகிறேன் என்றுதான் தோன்றும். இரண்டும் நான்தான். தூய்மையான விருப்பம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துத்தான் மரியாதை கொடுப்போம் என்றால் உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் கொடுக்க முடியாது.

மழைத்துளி எழுதியது:

பின்னூசி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு சோதனை இருக்கிறது. வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் என்ன நடக்கிறது என்பதுதான் அது. நான் நான்கு வருஷம் முன்னால் எடுத்துவிட்டேன். தொழுகிறேன், நோன்பு வைக்கிறேன், தொழும்போது மக்கனா (தலையை மூடும் துணி) போடுகிறேன், வெளியே போகும்போது இல்லை. இரண்டு மாமி வீட்டில் கல்யாணத்துக்குச் சொல்லவில்லை. பெருநாளைக்கு ஒரு லாத்தா (அக்கா) மட்டும் வட்டலப்பம் கொடுத்தனுப்புகிறாள், பிள்ளை கையில், அவள் வரமாட்டாள்.

இங்கிலாந்தில் டீனா டோக்கியோ என்று ஹிஜாப் ஃபேஷனில் பிரபலமான ஒரு பெண் 2018 கடைசியில் தலைத்துணி இல்லாமல் வந்தார். வந்த வசைகளை முக்கால் மணி நேரம் வீடியோவில் உட்கார்ந்து வாசித்தே காட்டினார். அதைப் பார்த்தபோது என் வீட்டு வாட்ஸ்அப் குழு மாதிரியே இருந்தது. அத்தனை வருஷம் "எங்கள் பிள்ளை" என்று கொண்டாடியவர்கள்தான் எழுதியிருந்தார்கள்.

ஈரானைப் பாருங்கள். 1936-ல் மன்னர் ரிஸா ஷா காலத்தில் போலீஸ் தெருவில் தலைத்துணியை இழுத்துக் கழற்றியது. புரட்சிக்குப் பிறகு 1983-ல் போடாவிட்டால் கசையடி என்று சட்டம். 2022 செப்டம்பரில் மஹ்ஸா அமினி, 22 வயது, துணி சரியில்லை என்று பிடித்துக்கொண்டுபோன காவலில் இறந்துபோனாள். பாட்டியை அடித்துக் கழற்ற வைத்ததும் பேத்தியை அடித்துப் போட வைத்ததும் அதே தெரு. தங்கச்சியிடம் சொல்லுங்கள், அவள் போட்டாலும் நான் அவள் பக்கம், எடுத்தாலும் அவள் பக்கம்.

நேர்வழி எழுதியது:

ஆலிமா சகோதரி, ஹதீஸின் முதல் பகுதி எனக்குத் தெரியும், ஆனால் இந்த இடத்தில் வைத்து யோசித்ததில்லை. உண்மையாகவே சொல்கிறேன். கடற்கரைத்தெரு லாத்தா சொன்ன வரலாறும் எனக்குப் புதிது, என் சொந்த நன்னி வெள்ளைத் துப்பட்டியில் இருக்கிற படம் வீட்டில் உண்டு, அதைப் பார்த்தும் கேட்கத் தோன்றவில்லை.

ஆனாலும் வீடியோ விஷயத்தில் நான் மாறவில்லை. 2022 ஜனவரி 1-ம் தேதி புல்லி பாய் என்று ஒரு செயலியில் முஸ்லிம் பெண்களின் படங்களைப் போட்டு ஏலம் விடுவதாகச் செய்தார்களே, அதற்கு முந்தின வருஷம் சுல்லி டீல்ஸ் என்று ஒன்று. எல்லாம் அந்தப் பெண்களே பொதுவில் போட்ட படங்கள்தான். 2023 மார்ச்சில் வேலூர்க் கோட்டையில் ஒரு பெண்ணை ஹிஜாபைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்துப் பரப்பினார்கள், 7 பேரைக் கைது செய்தார்கள். காலம் இப்படி இருக்கிறது. ஒரு தகப்பனாக எனக்குப் பயமாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

மதரஸா டீச்சர் எழுதியது:

அண்ணே, பயம் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதை மகள்களிடம் பயம் என்றே சொல்லுங்கள். மார்க்கம் தடுக்கிறது என்று சொல்லாதீர்கள். பயத்தை அவர்கள் புரிந்துகொள்வார்கள். ஏலம் விட்ட பட்டியலில் தலையை மூடியவர்களும் இருந்தார்கள், மூடாதவர்களும் இருந்தார்கள். குற்றம் செய்தவன் துணியைப் பார்த்துச் செய்யவில்லை. வேலூரிலும் அந்தப் பெண் வீடியோ போட்டதால் மாட்டிக்கொள்ளவில்லையே, படம் எடுத்தது அவர்கள்தானே.

கிழக்குக்காற்று எழுதியது:

இலங்கையில் இருந்து எழுதுறன், மட்டக்களப்புப் பக்கம். நான் ஆசிரியை. எங்கட மூத்தம்மாமார் சேலைத் தலைப்பால முக்காடு போட்டவங்க, ஹபாயா எங்களுக்கும் பிறகு வந்ததுதான்.

2018-இல் திருகோணமலையில் ஒரு இந்து மகளிர் கல்லூரியில் ஆசிரியைகள் ஹபாயா உடுத்து வரக் கூடாது, சேலைதான் உடுக்க வேணும் என்று வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. எதிர்த்து நின்றவங்களும் தமிழ் பேசுறவங்க, இவங்களும் தமிழ் பேசுறவங்க, அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாத விஷயம். அடுத்த வருஷம் ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பு. 29-ஆம் திகதி முகம் மூடத் தடை வந்தது. தடை முகத்துக்குத்தான், ஆனால் நான் வெறும் தலைத்துணியோட மருந்து எடுக்க வரிசையில் நின்ற நேரம் பின்னால் நின்ற பெண் "இதைக் கழட்டிட்டு நில்லுங்க, பயமா இருக்கு" என்றா. என்னை விட அவட கை நடுங்கினது. நான் கோபப்படவும் இல்லை, கழட்டவும் இல்லை, வரிசையை விட்டு வீட்டுக்கு வந்திட்டன்.

2024-இலயும் திருகோணமலையில் காதை மறைச்சுப் பரீட்சை எழுதினாங்க என்று 70 மாணவிகளின்ட உயர்தரப் பெறுபேற்றை நிறுத்தி வச்சாங்க. மெல்லிய வெள்ளை ஷால்தான் போட்டிருந்தாங்க. இப்படிப் பார்க்கக்குள்ள, வெளியில எங்களை இவ்வளவு இறுக்குற நேரம் உள்ளுக்குள்ள நாங்களே எங்கட பிள்ளைகளின்ட ஷாலைப் பிடிச்சு இழுக்குறது பெரிய கொடுமை. தங்கச்சிட்ட சொல்லுங்க, அந்த வீடியோவைப் பார்த்துக் கட்டப் பழகின ஒருத்தி எங்கட பாடசாலையில இருக்கா. பத்தாம் ஆண்டுப் பிள்ளை. பேர் சொல்ல மாட்டன்.

சிராங்கூன் நர்ஸ் எழுதியது:

சிங்கப்பூரில் தாதி வேலை, 14 வருஷம். தலைத்துணியை இங்கே தூடோங் என்போம். 2021 நவம்பர் 1-ம் தேதி வரைக்கும் பொது மருத்துவமனையில் சீருடையோடு போட முடியாது. வேலைக்கு வந்ததும் லாக்கர் அறையில் கழற்றி மடித்துப் பையில் வைப்பேன், வேலை முடிந்ததும் அதே இடத்தில் கட்டிக்கொள்வேன். பத்து வருஷத்துக்கு மேல் தினமும் இரண்டு தடவை. அனுமதி கிடைத்த முதல் நாள் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். நோயாளிகள் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சீனப் பாட்டி மட்டும் "கலர் நல்லா இருக்கு" என்றார். பள்ளிக்கூடச் சீருடையில் இன்னும் அனுமதி இல்லை.

நான் எழுத வந்தது வேறு விஷயத்துக்கு. தயவுசெய்து எல்லாரும் கேளுங்கள். ஷால் கட்டும்போது பின்னை உதட்டில் கடித்துக்கொண்டு கட்டுவோம் இல்லையா, அது வேண்டாம். பேசினாலோ சிரித்தாலோ இருமினாலோ அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஹிஜாப் பின் உள்ளே போன கேஸ்கள் என்றே மருத்துவ இதழ்களில் தனியாக எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். தலை உருண்டையாக இருக்கிற நீளப் பின் இன்னும் மோசம், ஊசி முனை மேலே பார்க்க நேராக இறங்கிவிடும். மேசையில் ஒரு சின்னக் காந்தம் வைத்து அதில் ஒட்டி வைத்து எடுங்கள், இல்லையென்றால் காந்தப் பின்னே வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கச்சியின் வீடியோவைத் தேடிப் பார்த்தேன், யாரோ எடுத்து வைத்திருந்ததை. அவள் பின்னை உதட்டில்தான் வைத்திருக்கிறாள். அத்தனை ஆயிரம் பேர் பார்த்து அவள் நிறத்தைப் பேசினார்கள், மானத்தைப் பேசினார்கள், அவள் உயிருக்கு ஆபத்தான ஒன்று கண்ணெதிரே இருந்ததை ஒருத்தரும் சொல்லவில்லை.

பின்னூசி எழுதியது:

இந்த இழை முழுவதையும் நேற்று ராத்திரி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தார். அத்தா அடுத்த அறையில் இருந்தார், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார், கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

நர்ஸ் அக்கா எழுதியதைக் கேட்டதும் எழுந்து போய் வீடியோவைத் தன் போனில் போட்டுப் பார்த்தாள். ஆமாம், உதட்டில்தான் இருக்கிறது. இலங்கை அக்கா சொன்ன பத்தாம் ஆண்டுப் பிள்ளையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள், அந்தப் பிள்ளையும் அதைப் பார்த்துவிட்டு உதட்டில் வைக்கிறாளா என்று. அக்கா, அவளிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கணக்கைத் திறப்பாளா என்று தெரியாது, நான் கேட்கவில்லை. காலையில் அந்தப் பச்சை ஷாலைப் போட்டுக்கொண்டு காலேஜ் போனாள். அத்தா பைக்கில் கொண்டுபோய் விட்டார், வழக்கமாகப் பஸ்ஸில்தான் போவாள்.

கடற்கரைத்தெரு லாத்தாவிடம் அவள் ஒன்று கேட்கச் சொன்னாள். உங்கள் உம்மம்மா காலத்தில் பின் இருந்திருக்காதே, அவ்வளவு பெரிய துப்பட்டி தலையில் எப்படி நின்றது?

கடற்கரைத்தெரு எழுதியது:

நிற்காது மகளே, பிடித்துக்கொள்வார்கள். இடது கையை உள்ளே விட்டு இரண்டு ஓரத்தையும் தாடைக்குக் கீழே சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள், வீட்டு வாசலில் இருந்து போய்ச் சேர்கிற வாசல் வரைக்கும் அந்தக் கை கீழே இறங்காது. வலது கையில் ஓலைப்பெட்டி இருக்கும். இடுப்பில் பிள்ளையும் இருந்தால் கை போதாது, அப்போது ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். உம்மம்மாவின் துப்பட்டி ஒன்றை நான் எடுத்து வைத்திருக்கிறேன். துணி முழுக்க நன்றாகவே இருக்கிறது, ஓரத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் நைந்து மஞ்சளாகி இருக்கும், அது கடித்த இடம். நாளைக் காலை வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புகிறேன்.